அத்தையின் பழைய காதலும் பிள்ளைகள் அனுப்பிய மெசேஜும்

வாசகியின் கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு 44 வயது. 1987-ல், அவருக்கு ஆறு வயதும் தம்பிக்கு மூன்று வயதும் இருக்கும்போது அம்மா இறந்துபோனார். அப்பாவின் தங்கை வீட்டோடு வந்து தங்கி இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கினார். அந்த அத்தைக்கு இப்போது 71. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் நடை, மத்தியானம் குறுக்கெழுத்து, சாயங்காலம் தோழிகளோடு போன் என்று தன் பாட்டுக்கு இருப்பவர். இப்போது வாசகியின் வீட்டில்தான் இருக்கிறார். வாசகியின் 17 வயது மகளுக்கும் 13 வயது மகனுக்கும் அவர் 'அத்தைப் பாட்டி'.

சில வாரங்களுக்கு முன், கண் டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்து வரச் சொல்லி மகனைத் தன் அலமாரிக்கு அனுப்பியிருக்கிறார் அத்தை. ஃபைலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் ஏர்மெயில் உறைகள். அவற்றைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் இற்றுப்போய்க் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். பையன் அக்காவைக் கூப்பிட்டான், இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தார்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன ஒருவர் அத்தைக்கு எழுதிய காதல் கடிதங்கள் அவை. கடைசி உறையின் தபால் முத்திரை 1980.

அன்று ராத்திரி மகள் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டிருக்கிறாள்: "அத்தைப் பாட்டி, நீங்க யாரையாவது லவ் பண்ணியிருக்கீங்களா?" அத்தை சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "பண்ணினேன். அப்புறம் வேண்டாம்னு முடிவு பண்ணினேன். அதுக்கு மேல கேக்காதே." பிள்ளைகள் அதற்கு மேல் கேட்கவில்லை, தேடினார்கள். உறையில் இருந்த பெயரைச் சமூக வலைத்தளத்தில் போட்டுத் தேடி, வயதும் ஊரும் ஒத்துவருகிற ஒருவரைப் பிடித்து, மகள் மெசேஜ் அனுப்பிவிட்டாள்: "நீங்க எங்க அத்தைப் பாட்டிக்கு லெட்டர் எழுதினவரா? அவங்க இன்னும் கல்யாணம் பண்ணிக்கல. உங்க லெட்டரையெல்லாம் பத்திரமா வச்சிருக்காங்க." போதாக்குறைக்கு மகன் மூன்று கடிதங்களைப் படம் பிடித்து கசின்ஸ் குரூப்பில் போட்டிருக்கிறான். எல்லோரும் இதயக் குறி போட்டிருக்கிறார்கள். பிறகு அந்த மனிதர் பதில் எழுதினார்: "நீங்கள் யார்? அவள் நன்றாக இருக்கிறாளா? என் மனைவி காலமாகிவிட்டாள். முடிந்தால் நம்பர் தரவும்." மகள் துள்ளிக் குதித்துக்கொண்டு அம்மாவிடம் காட்டியபோதுதான் வாசகிக்கு விஷயமே தெரியும். அதுவும் ஒரு வாரம் ஆகிவிட்டது. அத்தைக்கு இன்னும் எதுவும் தெரியாது.

வாசகி கேட்பவை: அத்தையிடம் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் மெசேஜை அழித்துவிட்டால் என்ன? அந்த மனிதருக்கு என்ன பதில் போடுவது? காதல் என்பதே தப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல், அவர்கள் செய்தது தப்பு என்று எப்படிப் புரியவைப்பது? கடைசியாக, கடிதத்தின் அடியில் தனியாக எழுதியிருந்த ஒரு வரி: "எங்களை வளர்க்கத்தான் அத்தை அவரை விட்டுக்கொடுத்தாரோ என்று தூக்கம் வரமாட்டேன் என்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டதை இப்போதாவது திருப்பிக் கொடுக்கலாமே என்று தம்பி சொல்கிறான்."

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கிற தேதிகளையே பாருங்கள். கடைசிக் கடிதம் வந்தது 1980-ல். இப்போது 44 வயது என்றால், அப்போது நீங்கள் பிறக்கவே இல்லை. உங்கள் அம்மா இறந்தது 1987-ல். அத்தை உங்கள் வீட்டுக்கு வரும்போது இந்தக் கடிதங்கள் நின்று ஏழு வருஷம் ஆகியிருந்தது. உங்களுக்காக விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல அந்தப் பெட்டியில் ஆதாரம் எதுவும் இல்லை. கடிதம் நின்ற பிறகும் ஏதாவது தொடர்ந்திருக்கலாம், வேறு யாராவது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, நானும் இதற்கு மேல் கணக்குப் போடப் போவதில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கதை உங்கள் வீட்டில் எழுதப்பட்டது, அத்தை சொன்னது கிடையாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் கேட்டதற்கு அவர் சொன்னது மூன்றே வாக்கியம். அதில் தியாகம் இல்லை, ஏக்கம் இல்லை, யார் மேலும் பழி இல்லை. "வேண்டாம்னு முடிவு பண்ணினேன்" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 71 வயசுப் பெண் ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே சொன்னதை அப்படியே நம்ப ஏன் இந்த வீட்டில் ஒருவருக்கும் மனசு வரவில்லை?

காரணம் எனக்குப் புரிகிறது. கல்யாணம் ஆகாத பெண் என்றாலே அதற்குப் பின்னால் ஒரு சோகம் இருந்தாக வேண்டும் என்று நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆணாக இருந்தால் 'அவர் ஒரு மாதிரி, தனிக்கட்டை' என்று விட்டுவிடுவோம். பெண்ணென்றால் 'பாவம்' வந்துவிடும். உங்கள் கடிதத்தில் அந்தப் 'பாவம்' ஐந்தாறு இடத்தில் வருகிறது. ஆனால் நடை, குறுக்கெழுத்து, தோழிகள், தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வது என்று நீங்களே வரைந்து காட்டியிருக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம் வரவில்லை, கொஞ்சம் பொறாமைதான் வருகிறது.

அவர் உங்களை வளர்த்ததற்கு நீங்கள் நன்றியோடு இருப்பது வேறு விஷயம், அது இருக்கட்டும். 'நாங்கள் எடுத்துக்கொண்டோம், திருப்பிக் கொடுக்கிறோம்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களை வளர்த்ததை அவர் தானே விரும்பிச் செய்த காரியமாகப் பார்க்காமல், வேறொன்று கிடைக்காததால் ஒத்துக்கொண்ட வேலையாக அது மாற்றிவிடுகிறது. தம்பி இதை அன்பாகத்தான் சொல்கிறார். அத்தை காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடிதத்தை வைத்திருந்தால் காத்திருக்கிறார் என்று அர்த்தமா?

மகள் உங்களிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்: "வேண்டாம்னா கிழிச்சுப் போட்டிருக்கலாமே, இத்தனை வருஷம் ஏன் வச்சிருக்காங்க?" புத்திசாலித்தனமான கேள்விதான், ஆனால் பதில் அவள் நினைப்பது இல்லை.

நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10-லிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவுக்கு வருகின்றன. உளவியலில் நன்றாக உறுதியான விஷயம் இது. நான் யார், எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் தீர்மானிக்கிற வயது அதுதான் என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அந்த வயதுப் பொருள்களை ஒருவர் வைத்திருப்பது, அந்த வயதில் தான் எப்படி இருந்தோம் என்பதை வைத்திருப்பது. அந்த மனிதரையே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அதற்குப் பொருள் கிடையாது. வயதானவர்கள் பழையதைத் திரும்பிப் பார்ப்பதை ஒரு காலத்தில் மருத்துவர்கள்கூட மூப்பின் கோளாறாகப் பார்த்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர்தான் 1963-ல், அது இயல்பானது, நடந்ததை மனசுக்குள் அடுக்கி ஒரு முடிவுக்கு வருகிற வேலை அது என்று எழுதினார். அத்தை அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகள் கேட்டபோது மழுப்பவில்லை, அழவில்லை, சிரித்துக்கொண்டே ஆமாம் என்றிருக்கிறார். ஆறாத காயம் இப்படிப் பேசாது.

உங்கள் பிள்ளைகள் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. எனக்கு இந்தக் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது அதுதான். பெட்டியில் இருப்பவை அவர் எழுதியவை. அத்தை எழுதிய பதில்கள் அதில் இல்லை, எங்கேயோ போயிருக்கும். பிள்ளைகள் படித்தது பாதிப் பேச்சு. அந்தப் பாதியும் சம்மதம் வாங்குவதற்காக ஒரு வாலிபர் கஷ்டப்பட்டு எழுதிய பாதி, அழகாகத்தான் இருக்கும். அதைப் படித்துவிட்டு இவரை ஏன் வேண்டாம் என்றார் என்று 17 வயதுப் பெண் பதறுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் வேண்டாம் என்றதற்கான காரணம், ஒன்று இருந்தால், காணாமல் போன அந்த மறுபாதியில்தான் இருக்கும். அவர் முன்கோபக்காரராக இருந்திருக்கலாம், வேலையை விட்டுவிடு என்று கேட்டிருக்கலாம். அத்தைக்கு அவர் மேல் இருந்த ஆசை தானாகவே தீர்ந்துபோயும் இருக்கலாம், அதுவும் நடக்கிற விஷயம்தான். "ஏன் வேண்டாம்னீங்க அத்தை?" என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேட்கலாமா என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கேட்காதீர்கள். 'அதுக்கு மேல கேக்காதே' என்று உங்கள் மகளிடம் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உண்மையில் என்ன தப்பு நடந்தது?

பெட்டியைத் திறந்து படித்தது தப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது தப்புதான், ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்த மெசேஜில் உள்ள இரண்டு வரிகளைத் திரும்பப் படியுங்கள்: 'இன்னும் கல்யாணம் பண்ணிக்கல', 'லெட்டரையெல்லாம் பத்திரமா வச்சிருக்காங்க'. தன்னைப் பற்றி அத்தை நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதருக்குத் தெரியவிடாமல் வைத்திருந்த இரண்டு விஷயங்கள் இவை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த ஒருவரிடம், 'நான் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன், உன் ஞாபகமாகத்தான் இருக்கிறேன்' என்று அத்தையே சொன்னது போல ஆகிவிட்டது. அவர் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார். உண்மையே இல்லாமலும் இருக்கலாம்.

ஒருவரைப் பற்றிய அந்தரங்கத் தகவலை அவருடைய சொத்து மாதிரியே மனிதர்கள் நடத்துகிறார்கள் என்று சாண்ட்ரா பெட்ரோனியோ என்ற தொடர்பியல் ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். அது நம் காதுக்கு வந்த நிமிடத்தில் நாமும் அதற்குக் கூட்டுப் பொறுப்பாளி ஆகிறோம், யாருக்குச் சொல்லலாம் யாருக்குக் கூடாது என்கிற வரம்பு நம்மையும் கட்டும், அந்த வரம்பைச் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் குழப்பம்தான் என்கிறார். அத்தை தன் வரம்பை வாய் திறந்தே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள்.

சட்டக் கேள்வி ஒன்றையும் இடையில் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடிதத் தாள்கள் பெற்றவருக்குச் சொந்தம், அதாவது அத்தைக்கு. அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு. பெரும்பாலான நாடுகளில் இதுதான் நிலை. ஆக, கசின்ஸ் குரூப்பில் போட்ட படங்கள் இரண்டு பேரின் உரிமையில் கை வைக்கின்றன. யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, ஆனால் 'எங்க பாட்டி லெட்டர், எங்க இஷ்டம்' என்று மகன் சொன்னால் பதில் உங்களிடம் இருக்கட்டும்.

அத்தையிடம் சொல்லுங்கள், சீக்கிரமே

அழித்துவிட்டு மறைத்துவிடலாமா என்கிறீர்கள். முடியாது, இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, கசின்ஸ் குரூப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அடுத்த குடும்ப விசேஷத்தில் யாராவது ஒருவர் கண்ணடித்துக்கொண்டு 'என்ன அத்தை, ஏர்மெயிலா?' என்பார்கள். அப்படித் தெரியவந்தால், பிள்ளைகள் செய்ததைவிட நீங்கள் மறைத்ததுதான் அவருக்கு வலிக்கும். இரண்டாவது, அந்த மனிதர் சும்மா இருப்பார் என்று சொல்ல முடியாது. பதில் வராவிட்டால் அவரே தேடலாம். அப்போது அத்தை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மாட்டிக்கொள்வார்.

அதனால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். தனியாக, அவருக்கு அவசர வேலை எதுவும் இல்லாத நேரத்தில், முதலில் நீங்கள் மட்டும். சொல்ல வேண்டியது நடந்தது மட்டும்: பெட்டியைத் திறந்தார்கள், படித்தார்கள், அவரைத் தேடி எழுதினார்கள், என்ன எழுதினார்கள், அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது, குரூப்பில் என்ன போனது. மெசேஜைப் படித்துக் காட்டட்டுமா, வேண்டாமா என்று கேளுங்கள். அந்த மனிதரின் மனைவி இறந்துவிட்டது உட்பட எதையும் கேட்காமல் கொட்டிவிடாதீர்கள், அதைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதுகூட அவர் முடிவு. 'நல்லது செய்யத்தான் நினைச்சாங்க' என்கிற வரியை விழுங்கிவிடுங்கள். அதைச் சொன்னால் அவர் கோபப்பட முடியாமல் போய்விடும், அவருக்கோ கோபப்பட முழு உரிமை இருக்கிறது. இரண்டு நாள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். சிரித்துவிட்டுக் குறுக்கெழுத்தை எடுத்தாலும் சரி. 'ஒண்ணும் இல்லையே அத்தை? வருத்தமில்லையே?' என்று மணிக்கொரு தரம் போய் நிற்காதீர்கள், அது உங்கள் மனசைச் சமாதானப்படுத்தும் வேலையை அவர் தலையில் கட்டுவது.

அந்த மனிதருக்கு என்ன பதில்?

அத்தையிடம் பேசுவதற்கு முன் எதுவும் அனுப்ப வேண்டாம். நம்பர் தர வேண்டாம், பிளாக் செய்யவும் வேண்டாம். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கோ உட்கார்ந்திருந்த மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டி ஆசை காட்டியது உங்கள் பக்கம்தான். சமீபத்தில் மனைவியை இழந்தவராகக்கூட இருக்கலாம். அவருக்கும் பிள்ளைகள் இருந்தால் அங்கே இது எப்படிப் போய்ச் சேரும் என்று உங்கள் மகள் யோசித்திருக்க மாட்டாள். இன்னொன்று, அது அவர்தான் என்பதற்கு இப்போதைக்கு ஒரு பெயரும் ஒரு புகைப்படமும்தான் சான்று. அறிமுகமில்லாத பெரியவர் ஒருவருக்கு, வீட்டில் வயதான பெண்மணி தனியாக இருக்கிறார் என்கிற தகவலை 17 வயதுப் பெண் தானாக எழுதி அனுப்பியிருக்கிறாள். காதல் பேசிப் பணம் கறக்கிற மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் இதே மாதிரித் தகவல்தான். இந்த விஷயத்தை மகளிடம் தனியாகவே பேசுங்கள், அத்தை கதையோடு கலக்காமல்.

அத்தை 'வேண்டாம்' என்றால் நீங்கள், உங்கள் பெயரில், ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள்: "எங்கள் பிள்ளைகள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் உங்களுக்கு எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதியது அத்தையின் வார்த்தைகள் அல்ல. தொடர்பு வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். உங்களைச் சிரமப்படுத்தியதற்கு மன்னியுங்கள். உங்கள் மனைவியின் மறைவுக்கு எங்கள் அனுதாபங்கள்." அவ்வளவுதான். அவர் நன்றாக இருக்கிறாரா இல்லையா என்பதுகூட அத்தை சொல்லச் சொன்னால் மட்டும். அத்தை 'யோசிக்கணும்' என்றால் இதே மெசேஜில் விருப்பம் பற்றிய வரியை எடுத்துவிட்டு, அவர் பேச நினைத்தால் அவரே தொடர்புகொள்வார் என்று போடுங்கள். கெடு வைக்காதீர்கள்.

'நம்பர் கொடு, பேசிப் பார்க்கிறேன்' என்றும் அத்தை சொல்லலாம். சொன்னால் அதுவும் அவர் இஷ்டம். அங்கேயும் உங்கள் வீட்டார் ஒதுங்கி நிற்க வேண்டும், மகள் தூது போகக்கூடாது, 'என்ன பேசினீங்க?' என்று கேட்கக்கூடாது. முதலில் வீடியோ காலில் பேசி ஆள் அவர்தான் என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லலாம். பணம் கேட்டாலோ, யாரிடமும் சொல்லாதே என்று சொன்னாலோ உங்களிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம். வாழ்க்கை முழுக்கக் கணக்குப் பார்த்தவர், உங்களைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்.

ஆனால் என் ஊகத்தைக் கேட்டால் 'வேண்டாம்' என்பார். அப்போது உங்கள் வீட்டில் எழப்போகிற வாதமும் தெரியும்: பயப்படுகிறார், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கிறார், கொஞ்சம் தைரியம் சொன்னால் ஒத்துக்கொள்வார். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் வயதும் உறவுகளும் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்தவர். இன்னும் இருக்கிற காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் தங்கள் வட்டத்தைத் தாங்களாகவே சுருக்கிக்கொள்கிறார்கள், மனசுக்கு நிறைவு தருகிற சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கோட்பாடு. வெளியிலிருந்து பார்க்கிற இளைஞர்களுக்கு அது ஒடுங்கிப்போவது மாதிரித் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது தேர்வு. 26 வயதில் யோசித்துச் சொன்ன 'வேண்டாம்' 71 வயதில் தானாக 'வேண்டும்' ஆகிவிடாது, ஆகவும் செய்யலாம், எதுவானாலும் சொல்ல வேண்டியவர் அவர்.

பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

இங்கே உங்கள் பயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதட்டினால் நாளைக்கு மகள் தன் காதலை உங்களிடமிருந்து ஒளிப்பாள் என்கிறீர்கள். சரிதான், ஒளிப்பாள். அதனால் காதலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அத்தைப் பாட்டி காதலித்தது நல்ல விஷயம், அதை உன்னிடம் மறைக்காமல் சொன்னது அதைவிட நல்ல விஷயம், அவர் உன்னை நம்பி மூன்று வாக்கியம் கொடுத்தார், நீ அதை வைத்து என்ன செய்தாய்? இவ்வளவு கேட்டால் போதும். 17 வயசுக்குப் புரியும். புரியவில்லை என்றால் அவள் போனையே எடுத்துக்கொள்ளுங்கள், கையில் இல்லை, பேச்சில். நீ பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு பையனுக்கு உன் தம்பி உன் பழைய சாட்டைப் படித்துவிட்டு, 'அக்கா இன்னும் உன் மெசேஜை டெலிட் பண்ணல, பாவம் தனியா இருக்கா' என்று எழுதினால் உனக்கு எப்படி இருக்கும்? அவள் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மகன் விஷயம் வேறு. பெட்டியை எடுத்தவன் அவன் என்பதால், வீட்டில் என்ன நடந்தாலும் தன்னால்தான் என்று 13 வயசுக்குள் போட்டுக் குமைவான். அவனுக்கு நீண்ட பேச்சு எதுவும் வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். குரூப்பில் போட்ட படங்களை அவனே எல்லோருக்கும் டெலிட் செய்ய வேண்டும். அந்த வசதி நேரம் கடந்து போயிருந்தால், குரூப்பில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, போனிலிருந்தும் பேக்கப்பிலிருந்தும் அழித்துவிடும்படி கேட்க வேண்டும். 'நான் அனுமதி இல்லாமல் போட்டேன், தயவுசெய்து அழித்துவிடு, யாரிடமும் பேசாதே' என்று தன் வாயால் சொல்வது அவனுக்குக் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் அத்தையிடம் உள்ளபடி சொல்லிவிட வேண்டியதுதான்.

அத்தை தயார் என்று சொன்ன பிறகு இரண்டு பேரும் போய் மன்னிப்புக் கேட்கட்டும், செய்தது என்ன என்று சொல்லி, காரணம் சொல்லாமல். 'நீங்க சந்தோஷமா இருக்கணும்னுதான்' என்று மகள் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அவர் சந்தோஷமாக இல்லை என்று முடிவு கட்டியது யார் என்கிற கேள்வி வரும், அதற்கு அவளிடம் பதில் கிடையாது. அத்தை உடனே மன்னிக்காவிட்டால் பிள்ளைகள் தாங்கிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் என்றால் மன்னித்துவிடுவார்கள் என்று நாமே ஒரு விதி வைத்திருக்கிறோம், அதை அவர் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒருவேளை சில மாதம் கழித்து அத்தையே ஏதாவது சொல்லலாம், அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று கேட்கும்போதோ, மகளின் கல்லூரிப் பேச்சு வரும்போதோ. அப்படி வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் நிறுத்துகிற இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள், நோட்டுப் போட்டு எழுதாதீர்கள், கசின்களுக்குச் சொல்லாதீர்கள். வராவிட்டால் வராது.

பெட்டி இருந்த இடத்துக்கே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இற்ற ரப்பர் பேண்டுக்குப் பதில் மகள் அதில் ஒரு ரிப்பன் கட்டி வைத்திருக்கிறாளாம். அதை அவிழ்க்க வேண்டாம், நீங்கள் மறுபடி தொட வேண்டாம், ஆனால் நடந்ததைச் சொல்லும்போது ரிப்பனையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவராகப் பெட்டியைத் திறந்து அதிர்ச்சியடைய வேண்டாம். அலமாரிக்கு ஒரு பூட்டு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் வாங்கிக் கொடுத்து, சாவி இரண்டையும் அவரிடமே தந்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் தம்பி. இந்த வாரக் கடைசியில் வந்து அத்தை காலில் விழுந்து, 'உங்க வாழ்க்கையை நாங்க கெடுத்துட்டோம்' என்று மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, தயவுசெய்து இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள். 1980 என்கிற அந்தத் தேதியை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். வரட்டும், எப்போதும் போல அத்தையோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும்.